தரையை உடைப்பதா, ஒட்டுப் போடுவதா? பெஸ்தாரி ஜெயா வீட்டுக் கேள்விக்கு ஒரு பதில்

சகோதரி, உங்கள் நீண்ட கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை விட்டு வந்த பிறகு உங்கள் பெற்றோர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் வாங்கிய மலிவு விலை வீடு அது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்கூடத்தில் 1 அடிக்கு 1 அடி பழைய டைல். சில இடங்களில் கூரைபோல் தூக்கிக்கொண்டும் சில இடங்களில் கீறியும் கிடக்கிறது. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை, அதன்மேல் ரப்பர் பாய். அம்மாவின் அறையில் சிறு மரக்கட்டைகளைப் பதித்த பார்க்கே பலகை. ஒரு குத்தகையாளர் முழுவதையும் உடைக்கச் சொல்கிறார். இன்னொருவர் பழைய டைலின் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்கிறார். உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும், வீண் செலவு வேண்டாம் என்கிறார் உங்கள் அண்ணன். தீபாவளிக்குள் வேலை முடிய வேண்டும். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

மூவரில் யார் சொல்வதும் முழு வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டில் இருப்பது மூன்று வேறு தரைகள், அவற்றுக்கு வந்திருப்பதும் மூன்று வேறு கோளாறுகளாக இருக்கலாம். அறைக்கு அறை தனித்தனியாக முடிவெடுங்கள். மேலே தெரிவதை வைத்து எடுக்காமல், அடியில் இருக்கும் தளம் உறுதியாக இருக்கிறதா, ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு எடுங்கள். நான் வீடமைப்புத் திட்டங்களில் கட்டட மேற்பார்வையாளராக இருந்து, பிறகு கோல சிலாங்கூர், ரவாங் வட்டாரத்தில் வீடு புதுப்பிக்கும் வேலைகளை எடுத்துச் செய்தவன். ஆனாலும் உங்கள் வீட்டை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் போட்டிருக்கும் படங்களில் ஓசை கேட்காது, ஈரமும் தெரியாது. ஆகவே எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முன்கூடத்திலிருந்து தொடங்குவோம். பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, 50 சென் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். ஒவ்வொரு டைலையும் ஐந்து இடங்களில் தட்ட வேண்டும்: நான்கு மூலை, ஒரு நடு. கெட்டியாக ஒட்டியிருக்கும் டைல் குறுகிய, கனத்த ஓசை தரும். அடியில் பிடிப்பு விட்டுப்போன டைல் காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். காதுக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பொள்ளலாக ஒலிக்கும் டைலின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டுக்கொண்டே போங்கள். முடித்துவிட்டு வாசலில் நின்று பாருங்கள். குறிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றனவா, ஒரே பக்கத்தில் திரண்டிருக்கின்றனவா, சுவரோரமாக வரிசையாகப் போகின்றனவா என்பது நிறையச் சொல்லும். இது கைவைத்தியம் அல்ல. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி கட்டடங்களின் தரத்துக்குப் புள்ளி கொடுக்கும் குவாலசிக் மதிப்பீட்டிலும் தரையைத் தட்டிப் பார்ப்பது ஒரு சோதனைதான்.

டைல் ஏன் தூக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் அதே தவறு புதுத் தரையிலும் நடக்காமல் தடுக்கலாம். சுட்ட மண்ணாலான பழைய டைல் காற்றிலும் தரையிலும் உள்ள ஈரத்தை வாங்கி, ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக விரியும். அடியில் இருக்கும் கான்கிரீட்டும் சிமெண்டுப் பூச்சும் காயக் காயச் சுருங்கும். சுவரோரத்தில் இடைவெளியே விடாமல், டைலோடு டைல் நெருக்கி ஒட்டியிருந்தால் விரிவதற்கு இடமில்லாமல் நெருக்கம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பிடிப்பு மிகவும் குறைவான வரிசை மேலே எழும். சில வீடுகளில் வெடிச்சத்தத்தோடு எழும். நட்டநடு மதியத்தில் பட்டென்று ஒரு சத்தம், ஓடிவந்து பார்த்தால் கூடத்தின் நடுவில் இரண்டு வரிசை டைல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது என்று பயந்துபோய் அழைத்தவர்கள் பலர். நில அதிர்வு என்று நினைத்தவர்களும் உண்டு, வேறு ஏதோ கோளாறு என்று பூசாரியை அழைத்தவர்களும் உண்டு. இப்படித் தூக்கியது என்பதற்காக மட்டும் அடித்தளம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. இது உறுதி. ஆனால் ஒரு கீறல் ஒரே கோடாக மூன்று நான்கு டைல்களைக் கடந்து ஓடுகிறது என்றால் கதை வேறு. அந்தக் கோடு பெரும்பாலும் கீழே கான்கிரீட்டில் இருக்கும் வெடிப்பின் நிழல். டைலை மாற்றினாலும் அது மறுபடி மேலே வரும்.

குறி போட்ட டைல்கள் பத்துக்கு ஒன்று என்ற அளவில், சிதறலாக இருந்தால் உங்கள் அண்ணன் சொல்வதே சரி. மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலோ, ஒரே பக்கம் திரண்டிருந்தாலோ ஒட்டுப்போடும் வேலை வீண். இந்த அளவு எந்த விதிநூலிலும் உள்ளதல்ல, என் அனுபவக் கணக்கு. இடைப்பட்ட நிலை என்றால், உள்ளதிலேயே மிகவும் நல்ல ஓசை தரும் டைல் ஒன்றைப் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உளி வைத்து அடித்துத் துண்டுதுண்டாகத்தான் வருகிறது என்றால் மற்றவற்றுக்கும் ஆயுள் இருக்கிறது. முழுசாக, முதுகில் சிமெண்டே ஒட்டாமல் எழுந்து வந்தால் எல்லாம் அதே கதிதான்.

அண்ணன் வழியில் போனால் அதே நிற டைல் கிடைக்காதே என்ற கவலை வரும். முப்பது ஆண்டுக்கு முந்தைய வடிவம் கடையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அலமாரிக்கு அடியிலும் சாமான் அறையிலும் பொள்ளலாக ஒலிக்கும் டைல்கள் இருந்தால், அவற்றைச் சுற்றியுள்ள சந்துகளை (டைல்களுக்கு இடையிலுள்ள பூச்சை) வைரத்தட்டால் அறுத்துவிட்டு நிதானமாகக் கிளப்பினால் அவை உடையாமல் வரும். அவற்றைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அலமாரிக்கு அடியில் எதையாவது ஒட்டிக்கொள்ளலாம். சந்துகள் மட்டும் கறுத்து உதிர்ந்திருந்தால், ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு நிரப்ப வேண்டும். மேலோடு மெழுகிவிட்டுப் போனால் சில மாதங்களில் பெயர்ந்துவிடும். பொள்ளல் டைலுக்கு ஓட்டை போட்டு எப்பாக்சிப் பசை செலுத்துவதையும் சிலர் சொல்வார்கள். ஒன்றிரண்டு டைலுக்கு அது தாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கூடம் முழுக்க அதை நம்பலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இரண்டாவது குத்தகையாளர் சொன்ன மேலொட்டு தவறான வழி அல்ல. தூசி குறைவு, செலவு குறைவு, நாளும் மிச்சம். ஆனால் பழைய டைல் ஏறக்குறைய எல்லாமே கெட்டியாக ஒலிக்க வேண்டும், அடியில் ஈரம் இருக்கக்கூடாது, உயரம் கூடுவதை வீடு தாங்க வேண்டும். புது டைலும் பசையும் சேர்ந்து தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், இரும்புக் கதவு தட்டும், கூடத்துக்கும் அறைக்கும் இடையில் புதிதாக ஒரு சிறு படி முளைக்கும். வயதானவர் நடமாடும் வீட்டில் அந்த அரை அங்குலப் படி உயரமான படியைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: இப்போது கடைகளில் விற்கும் போர்சலின் டைல் தண்ணீரை உறிஞ்சுவது அதன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய முறையில் வெறும் சிமெண்டுக் குழம்பைத் தடவி ஒட்டினால் அது பிடிக்காது. பாலிமர் கலந்த ஒட்டுப் பசை கட்டாயம். மேலொட்டுக்குப் பையில், கூடுதல் பிடிப்பைக் குறிக்கும் சி2 என்று அச்சிட்ட வகையைக் கேளுங்கள். நடுவில் நான்கைந்து உருண்டை வைத்து அமுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உங்கள் கண்முன் அப்படிச் செய்தால் வேலையை நிறுத்துங்கள். பல்வைத்த கரண்டியால் பசையை முழுப்பரப்பிலும் இழுத்துத் தடவுவதுதான் முறை. சுவரோரம் 5 மில்லிமீட்டர் இடைவெளி விடட்டும். சுவரடியில் ஒட்டும் ஓரப்பட்டை அதை மறைத்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் சமையலறை. படத்தில் கூடமும் சமையலறையும் சேரும் வாசலில், பழைய பின்சுவர் இருந்த இடத்தில், தரையில் நேராக ஒரு வெடிப்பு தெரிகிறது. தாமான் எனப்படும் குடியிருப்புத் திட்ட வீடுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இது. முதன்மை வீடு ஓர் அடித்தளத்தில் நிற்கும். பின்னால் நீட்டிக் கட்டியது மேலோட்டமான வேறோர் அடித்தளத்தில் நிற்கும். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. உங்கள் வட்டாரத்தில் கரிச் சதுப்பு மண்ணும் உண்டு, பழைய ஈயக்குட்டைகளை மூடிய நிலமும் உண்டு. உங்கள் தாமான் எதன்மேல் நிற்கிறது என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் மூத்தவர்களைக் கேட்டால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்வார்கள். வெளியே போய்ச் சுவரையும் பாருங்கள். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டு ஓரம் சுவரைவிட்டுப் பிரிந்து கால்வாய்ப் பக்கம் சாய்வது, பின்கதவு இழுத்துப் பிடிப்பது, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் நீட்டிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளலாம். இன்னும் இறங்குகிறதா, எப்போதோ இறங்கி நின்றுவிட்டதா என்பது ஒருநாள் பார்வையில் தெரியாது. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் அகலமும் எழுதி வையுங்கள். மழைக்காலம் ஒன்றைக் கடந்தும் அசையவில்லை என்றால் தரைவேலைக்கு இறங்கலாம். அசைந்தால் எந்த டைலும் உதவாது. அப்போது வேண்டியது பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற, ‘ஐஆர்’ பட்டம் உள்ள கட்டமைப்புப் பொறியாளர். இந்த இடத்தில் என் அனுபவத்தை நம்பாதீர்கள், அவரைக் கேளுங்கள். நின்றுவிட்ட வெடிப்பாக இருந்தாலும் அந்தக் கோட்டின்மேல் டைலை ஒரே ஓட்டமாக ஒட்டக்கூடாது. அங்கே ஓர் இடைவெளி விட்டு, இழுத்தால் இழுபடும் சீலண்ட் நிரப்ப வேண்டும்.

சமையலறையில் அடுத்தது ஈரம். ரப்பர் பாயைத் தூக்கினால் நாற்றம் அடிக்கிறது, அடியில் கறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாயை எடுத்துவிட்டுத் தரையை இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் மட்டும் ஈரம் என்றால் மழைநாளில் குளிர்ந்த தரை வியர்ப்பது அது, காற்றோட்டம் போதும். கீழிருந்து வருகிறது என்றால் அது மண் ஈரமா, குழாய்க் கசிவா என்று பிரிக்க வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து, காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. உங்கள் வீட்டு வயதுக்கு இரும்புக் குழாய் தரைக்கடியில் துருப்பிடித்து ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் குழாயைச் சுவர்வழியாகப் புதிதாகக் கொண்டுபோய்விட்டுத்தான் தரையைத் தொட வேண்டும். மண் ஈரம் என்றால் தளத்துக்கடியில் பிளாஸ்டிக் ஈரத்தடுப்பு விரிக்காமல் கட்டியிருப்பார்கள். தளத்தை எடுத்து விரித்துக் கட்டுவதே முழுமையான தீர்வு; அது முடியாவிட்டால் மேலே ஈரத்தடுப்பு எப்பாக்சி பூசுவது இரண்டாம்தர வழி. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, சொடுக்கி மாட்டும் எஸ்பிசி பலகையை மேலே போட்டால் போதும், அது தண்ணீருக்கு அசையாது என்று கடைக்காரர் சொல்வார். பலகை அசையாது என்பது உண்மைதான். அதற்கடியில் தேங்கும் ஈரமும் பூஞ்சையும் இப்போது ரப்பர் பாய்க்கு அடியில் இருப்பதுபோலவே இருக்கும்.

ஈரமும் இறக்கமும் இல்லை என்று தெரிந்தால், அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரையை மூடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரும்பு ஆக்சைடு நிறம் கலந்து, கரண்டியால் அழுத்தி அழுத்தி மெருகேற்றிய தரை அது. அந்த வேலையைத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு. மயிரிழைக் கீறல்களை அதே நிறச் சிமெண்டுப் பாலால் நிரப்பி, பழைய மெழுகைக் கழுவியெடுத்து, மெதுவாகத் தேய்த்துப் புதிதாக மெருகூட்டினால் இன்னும் பல ஆண்டு வரும். மூடத்தான் போகிறீர்கள் என்றால் மெழுகை முழுவதும் எடுக்காமல் எதையும் ஒட்ட விடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் தேய்த்த சிவப்பு மெழுகின்மேல் எந்தப் பசையும் நிற்காது. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது.

அம்மாவின் அறைப் பலகைக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. காய்ந்திருந்து, கட்டைகள் மட்டும் ஆங்காங்கே கழன்றிருந்தால் ஒட்டி, தேய்த்து, வார்னிஷ் பூசினால் போதும். உண்மையான மரம் என்றால் சில முறை தேய்ப்பதற்குத் தடிப்பு இருக்கும். ஓரங்கள் மேலெழுந்து கிண்ணம்போல் வளைந்திருந்தால் அடியில் ஈரம். முன்சொன்ன தாள் சோதனையை அங்கும் செய்யுங்கள். கறையானை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ரப்பர் மரத்தையும் செம்பனையையும் தாக்கும் காப்டோடெர்மீஸ் இனக் கறையான், தோட்ட நிலத்தில் எழுந்த வீடுகளுக்குள்ளும் வருகிறது. பலகையைத் திருப்புளியால் அழுத்தினால் அமுங்குகிறதா, சுவரோரம் மண்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தரை திறந்திருக்கும் நேரத்திலேயே மண்ணுக்கு மருந்து செலுத்திவிட வேண்டும். புதுத் தரை போட்டபிறகு அதில் துளைபோடுவது மனத்துக்கும் கஷ்டம், காசுக்கும் நட்டம்.

தீபாவளி பற்றி. மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும்தான் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதங்கள். பண்டிகையும் அப்போதே வருகிறது. குத்தகையாளர்கள் கைநிறைய வேலையை வைத்துக்கொண்டு ஓடும் நேரமும் அதுவே. தரையைச் சமப்படுத்தப் போடும் புது மட்டப்பூச்சு காய, தடிப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு நாள் என்பது பொதுக்கணக்கு. 40 மில்லிமீட்டர் என்றால் 40 நாள், அதுவும் நல்ல காற்றோட்டத்தில். டைலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பலகையோ வினைலோ போடுவதென்றால் காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே கூடத்தை மட்டும் தீபாவளிக்குள் முடியுங்கள். சமையலறையை மழைக்காலம் முழுவதும் கவனித்துவிட்டு அடுத்த ஆண்டு தொடங்குங்கள். விருந்தினர் என்ன நினைப்பார்கள் என்று அம்மா வருத்தப்படுவார் என்றீர்கள். இறங்கும் தளத்தின்மேல் ஒட்டிய பளபளப்பு அடுத்த தீபாவளிக்குள் கீறிவிட்டால் அந்த வருத்தம் பெரிது.

டைல் தேர்வில் ஒன்றே ஒன்று: சமையலறைக்கும் குளியலறைக்கும் கண்ணாடிபோல் மின்னுவது வேண்டாம். வழுக்குத் தடை ஆர்9 முதல் ஆர்13 வரை குறிக்கப்படும், எண் கூடினால் பிடிப்பு கூடும். அம்மா நடக்கும் ஈர இடங்களுக்கு ஆர்10க்குக் குறையாமல் கேளுங்கள். குளியலறையை உடைத்தால் நீர்த்தடுப்புப் பூசி, தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைத்துப் பார்த்தபிறகே டைல் ஒட்ட வேண்டும்.

உடைக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீர் தெளித்து உடைக்கட்டும். வேலை செய்பவர்களும் முகக்கவசம் அணியட்டும். அம்மாவை அந்த நாட்களில் அண்ணன் வீட்டில் வைத்திருங்கள். எங்காவது 9 அங்குலச் சதுரத்தில் விறைப்பான பழைய வினைல் டைல், அடியில் கறுப்புத் தார்ப்பசை என்று தென்பட்டால் தேய்க்கவோ நொறுக்கவோ விடாதீர்கள். அந்தக் காலத்து அவ்வகை டைல்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும்.

இதைப் படிக்கும் வேறு சிலர் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் சொந்தக் காசைத் தரையில் கொட்டுவதற்குமுன், 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் தொழிலாளர் வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளிமீது வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளட்டும். எழுத்தில் புகார் கொடுங்கள்.

இனி விலைப்பட்டியல். ‘தரை வேலை, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். உடைப்பது, குப்பை அகற்றுவது, மட்டப்பூச்சு, டைல், பசை, கூலி, ஓரப்பட்டை, கதவு அறுப்பது என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் கூடம் 12 அடிக்கு 16 அடி என்றீர்கள், அதாவது 192 சதுர அடி. 60 சென்டிமீட்டர் டைல் சுமார் 50 வேண்டும். சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 55. பெட்டிக்கு 4 என்றால் 14 பெட்டி. மீந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒட்டுப்போட அதுவே உதவும். உடைத்த டைலும் பூச்சும் 2 அங்குலத் தடிப்பு என்றால், அந்த ஓர் அறையின் குப்பை மட்டும் 2 டன்னை நெருங்கும். அதை ஏற்றிப்போகும் லோரிச் செலவு யாருடையது என்று எழுதாமல் விட்டால் கடைசி நாளில் உங்கள் வாசலில்தான் கிடக்கும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசித் தவணையை டைல் ஒட்டி முடித்து இரண்டு வாரம் கழித்து, அதே 50 சென் நாணயத்தோடு குத்தகையாளர் முன்னிலையில் முழுத் தரையையும் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பதை அவர் மாற்றிக் கொடுத்தபிறகே தருவதாக முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.